பட்டி: ஒரு சொல்லின் பொருளும் பூர்வீகமும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பகுதியில் ஊர்ப்பெயர்கள் பற்றி ஒரு சிறு கலந்துரையாடல் நடந்தது. அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்து இருபது பேரளவில் வந்திருந்தார்கள். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள், எழுதுகிறவர்கள், எழுத நினைத்திருக்கிறவர்கள். பேச்சு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் பட்டிப்பளையில் வந்து நின்றது. ஒருவர் எழும்பி, 'பட்டி'யும் தமிழ், 'பளை'யும் தமிழ், ஆகவே அந்த நிலம் ஆதியிலிருந்தே தமிழ் பேசுகிற நமக்குரியது என்றார். இன்னொருவர், சிங்களத்தில் அதை 'பட்டிபொல' என்கிறார்கள், 'பட்டிய' என்பதும் 'பொல' என்பதும் சிங்களச் சொற்கள் என்று அவர்கள் வாதாடுகிறார்களே, அதற்கு என்ன பதில் என்று கேட்டார். அதோடு சத்தம் கூடிவிட்டது. ஒரே ஆற்றுக்கும் அதையொட்டிய நிலத்துக்கும் இரண்டு மொழியிலும் உறுதி எழுதுகிற மாதிரி இருந்தது பேச்சு.

பின்வரிசையில், பேரனோடு சும்மா துணைக்கு வந்திருந்த ஒரு வயதாளி இருந்தார். வாழ்நாளெல்லாம் மாட்டோடு கிடந்தவர். அவர் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிமாரே, பட்டி எண்டா என்னெண்டு ஆருக்கும் தெரியுமா?"

"மாட்டை அடைக்கிற வேலிதானே காக்கா" என்று யாரோ சொன்னார்கள்.

"அது காலை. பட்டி வேற. மாடு எங்க படுக்குதோ அது பட்டி. வேலி இரிந்தாலும் பட்டி, வேலி இல்லாட்டியும் பட்டி."

சபையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அடுத்த ஊர்ப்பெயருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்தப் பதிலை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டப் புரட்ட, அன்றைக்குச் சபையில் சொற்பிறப்பியல் பேசியவர் அந்தக் காக்கா ஒருவர்தான் என்று பட்டது. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கட பக்கத்துப் பேச்சில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்ப்போம். வீட்டு வளவில் ஒன்றிரண்டு பசுவைக் கட்டி வளர்ப்பவருக்குப் பட்டி இல்லை. அவருக்கு இருப்பது மாட்டுக்கொட்டில். கூரை போட்டது, நிரந்தரமானது, வீட்டோடு ஒட்டியது. பட்டி என்றால் கூட்டமாக வெளியில் நிற்கிற மாடு. "அவருக்கு மூணு பட்டி இரிக்கி" என்றால் மூன்று அடைப்பு இருக்கிறது என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. மூன்று மந்தை இருக்கிறது என்றுதான் விளங்குகிறோம். மாட்டுக் கூட்டத்துக்கும் அது தங்குகிற இடத்துக்கும் ஒரே சொல். மந்தைக்குப் பொறுப்பானவர் பட்டிக்காரன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னர் உழ்ஹிய்யாவுக்கு மாடு பார்க்கப் போகிறவர்கள் "பட்டிக்குப் போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அயலூர்த் தமிழ்ச் சகோதரர்களும், தமிழகத்தில் மாட்டுப் பொங்கல் என்று சொல்லப்படுவதை இலங்கையில் பட்டிப் பொங்கல் என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் பட்டி என்பது மாடுதான், வேலி இல்லை.

இந்தப் பட்டி ஓரிடத்தில் நிலையாக நிற்பதுமில்லை. பெரும்போக விதைப்போடு வயல் நிலத்தில் மாட்டுக்கு இடமில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டியை மேற்கே, காட்டோர மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். மாசி பங்குனியில் வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் தாளை மேய வயலுக்குக் கொண்டுவருவார்கள். போன இடத்திலெல்லாம் புதிதாக ஒரு காலை கட்டுவார்கள். பழைய காலையின் கம்புகள் போட்ட இடத்திலேயே உக்கிப் போகும். காலை பின்னால் கிடக்கப் பட்டி நடந்துவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லித் தராது.

காலை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக்காலை, எருமைக்காலை, கன்றுக்காலை என்று கிழக்கிலும் வன்னியிலும் வழங்குகிற இந்தச் சொல், தமிழகத்து வாசகரை ஒரு கணம் தடுமாற வைக்கும். அவருக்குக் காலை என்றால் விடியல். 'மாட்டுக்காலைக்குள் நின்றான்' என்று ஒரு கதையில் எழுதினால், மாட்டின் காலுக்குள் என்ன வேலை என்றுதான் யோசிப்பார். கம்பு நட்டு, குறுக்கே தடி கட்டி, இடைவெளியை அலம்பலாலும் காரை முள்ளாலும் அடைத்த வட்டம் அது. பழந்தமிழில் 'காலி' என்றால் பசுக்கூட்டம். மலையாளத்தில் இன்றைக்கும் கன்றுகாலி என்கிறார்கள். இந்தக் காலிக்குப் பிறகு திரும்பி வருவோம்.

தொழுவம் என்ற சொல்லை எங்கட வீடுகளில் நான் கேட்டதில்லை. அது புத்தகத்தில் வருகிற சொல். ஆனால் பழையது, முல்லைக்கலியில் ஏறுதழுவுவதற்காகக் காளைகளை அடைத்து வைத்த இடத்துக்குத் தொழு என்றுதான் பெயர். குற்றவாளியின் காலை மாட்டி வைக்கிற மரத்துக்கும் தொழுமரம் என்று பெயர் உண்டு. ஆக, அந்தச் சொல்லில் அடைபடுதலும் பிணிபடுதலும்தான் இருக்கிறது. பட்டியில் அது இல்லை.

அப்படியானால் பட்டியில் என்ன இருக்கிறது? 'படு' என்ற வினை இருக்கிறது என்பது என் கணிப்பு. திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதியைத் தொகுத்த பரோவும் எமனோவும் பட்டி என்ற சொல்லோடு ஒரு குடும்பத்தையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழில் பட்டி, மலையாளத்தில் பட்டி, கன்னடத்தில் பட்டி. விலங்குகள் படுக்கும் இடத்துக்குத் தமிழில் 'பட்டம்' என்றொரு சொல்லும் அங்கே வருகிறது. பழைய பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாக மாறுவது தெரிந்த விஷயம். நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு, பத்து என்பது ஹத்து. அதே வழியில் பட்டி அங்கே ஹட்டி ஆகிறது. ஹட்டி என்றால் மாட்டடைப்பு, அதோடு ஆயர்கள் வாழும் சிற்றூர். நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரையே ஹட்டி என்கிறார்கள்.

தமிழகத்திலும் இதே நடைதான். கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று நூற்றுக்கணக்கான ஊர்கள் பட்டியில் முடிகின்றன. மாடு படுத்த இடத்தில் மேய்ப்பவன் குடிசை போட்டான், குடிசை பத்தாகியது, மாடு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. 'பட்டிதொட்டியெல்லாம்' என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்கிறார்களே, அந்தத் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. கன்னடத்தில் தொட்டி, அவர்கள் உச்சரிப்பில் 'தொட்'டுக்கு அழுத்தம் குறைத்து, மாடு அடைக்கிற இடம். பட்டிதொட்டி என்பது மாட்டுப்பட்டியும் மாட்டுத்தொட்டியும்தான். அதிலும் ஆயன் ஊருக்கு வழி விட்டுவிட்டான். இலங்கையில் மட்டும் இந்தச் சொல் ஊர் என்ற பொருளுக்கு அந்த அளவுக்கு வளரவில்லை. நம்முடைய பேச்சில் மாட்டை விட்டுப் பிரியாமலே நின்றுவிட்டது. அந்த வகையில் நாம் பேசுவதுதான் பழைய பொருள்.

'படு'வில் இருந்து பட்டி வருமா என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்கலாம். சொல்லின் உருவம் ஒருபுறம் இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். ஆட்டு மந்தையை இரவில் வயலில் கிடத்தி எருப்போட வைப்பதைத் தமிழகத்தில் 'கிடை போடுதல்' என்கிறார்கள். கி. ராஜநாராயணனின் ஒரு குறுநாவலுக்கே 'கிடை' என்று பெயர். கிட என்ற வினையிலிருந்து கிடை. மாடு படுப்பதும் ஆடு கிடப்பதும் இடத்தின் பெயராகிறது. தமிழ் மட்டும்தான் இப்படி யோசித்தது என்று நினைத்துவிடக்கூடாது. நாம் ஓதுகிற, கேட்கிற அரபு மொழியிலேயே இதற்கு ஒரு நேர் இணை இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த புதிதில், பள்ளிவாசல் கட்டப்படுவதற்கு முன்னர், ஆட்டுப்பட்டிகளில் தொழுதிருக்கிறார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அங்கே வரும் அரபுச் சொல் 'மராபிழ்'. அதன் ஒருமை மர்பிழ். 'ரபழ' என்ற வினையிலிருந்து வந்தது. ஆடு காலை மடக்கிப் படுப்பதற்கு அரபியில் ரபழ என்பார்கள். மர்பிழ் என்றால் ஆடு படுக்கும் இடம். வேலி பற்றிய பேச்சே இல்லை. ஒட்டகத்துக்கு வேறு வினை உண்டு, 'பரக'. அது முழந்தாளிட்டு அமர்வது. அந்த இடத்துக்குப் பெயர் மப்ரக். ஆட்டுப்பட்டியில் தொழலாமா என்று கேட்டதற்கு ஆம் என்றும், ஒட்டகம் அமரும் இடத்தில் தொழலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றும் விடை வந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே இந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டையும் 'தொழுவம்' என்று தமிழாக்கினால் சட்டம் விளங்கும், ஆனால் ஆடு ஒரு மாதிரியும் ஒட்டகம் ஒரு மாதிரியும் இருப்பதை அரபு மொழி கண்டு பெயர் வைத்தது மறைந்து போகும். ஆட்டுக்கு 'பட்டி' என்று போட்டால் மர்பிழின் உயிர் அப்படியே வந்துவிடுகிறது.

அரபியில் நம்முடைய காலைக்கு நேரான சொல்லும் உண்டு. ஹழீறா. (ழகரத்தைப் பார்த்து மர்பிழோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரபியில் அது வேறு எழுத்து. நம்முடைய எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) இதன் வேர் 'ஹழற', தடுத்தல், விலக்கி வைத்தல். தடுக்கப்பட்டது என்பதற்கு 'மஹ்ழூர்'. ஸூரத்துல் இஸ்ராவில், இறைவனின் கொடை யாருக்கும் தடுக்கப்பட்டதல்ல என்ற கருத்தில் வரும் சொல் இதுதான். ஆகவே ஹழீறா என்பது தடுத்து நிறுத்தும் வேலி. அதைக் கட்டுகிறவன் முஹ்தழிர்.

இந்த முஹ்தழிர் அல்குர்ஆனில் ஒரேயொரு இடத்தில் வருகிறார். ஸூரத்துல் கமர், 31ஆவது வசனம். ஸமூது கூட்டத்தார் மீது ஒரேயொரு பெரும் சத்தம் அனுப்பப்பட்டது. அவர்கள் முஹ்தழிருடைய 'ஹஷீம்' போல் ஆகிவிட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் உவமை. ஹஷீம் என்றால் காய்ந்து நொறுங்கியது. ஆட்டுக்கு அடைப்புக் கட்டுகிறவன் காய்ந்த கிளைகளையும் முட்களையும் சேர்த்து வேலி அடைப்பான். அதிலிருந்து உதிர்ந்து விலங்கின் காலில் மிதிபட்டுத் தூளாவதே ஹஷீம் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளில் வேலி என்ற பொதுச்சொல்லை வாசிக்கும்போது மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை. நமக்கு வேலி என்றால் கம்பிவேலியும் தகர வேலியும்தான் முதலில் ஞாபகம் வரும்.

ஒரு நாள் இந்த வசனத்தின் பொருளை மேலே சொன்ன அதே காக்காவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"காலை கட்டினவன் போட்ட அலம்பல், மனே. ஒரு வருசம் போனா காலால உழக்கி உமி மாதிரி ஆகிரும். கையில அள்ளினா ஒண்டும் வராது."

எத்தனையோ தடவை ஓதிய வசனம். அலம்பல் என்ற ஒரு சொல்லால் எனக்குக் கண் முன்னால் வந்தது அன்றைக்குத்தான். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. எல்லா நாட்டுத் தமிழரும் வாசிக்கிற நூலில் அலம்பல் என்று போட முடியாது என்பது விளங்குகிறது. ஆனால் கிழக்கிலங்கையில் ஒரு மௌலவி மிம்பரில் நின்று இந்த வசனத்தை விளக்கும்போது இந்தச் சொல்லைப் பாவித்தால் என்ன குறைந்துவிடும்?

அரபியில் மூன்றாவதாக ஒரு சொல்லையும் விட்டுவிட மனமில்லை. மிர்பத். ஒட்டகத்தையும் ஆட்டையும் நிறுத்தி வைக்கும் இடம், பேரீச்சம்பழம் காய வைக்கும் களம், இரண்டையும் அது குறிக்கும். மதீனாவில் நபியவர்களின் ஒட்டகம் அமர்ந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான ஒரு மிர்பத்தாகத்தான் இருந்தது. அதை விலை கொடுத்து வாங்கித்தான் மஸ்ஜிதுந் நபவி எழுந்தது. பின்னாளில் பஸராவின் ஓரத்தில் இருந்த ஒட்டகச் சந்தைக்கும் மிர்பத் என்றே பெயர். பாலைவனத்து அரபிகள் ஒட்டகத்தோடு வந்து இறங்குமிடம் என்பதால் நல்ல அரபி கேட்க மொழி அறிஞர்கள் அங்கே போனார்கள். ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் வசைபாடிக் கவிதை சொன்னதும் அங்கேதான். 1971 முதல் ஈராக்கில் நடக்கும் பெரிய கவிதை விழாவுக்கும் அந்தப் பெயர்தான். விலங்குகளை நிறுத்திய இடத்தின் பெயரை இன்றைக்குக் கவிஞர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். நம்மிலோ ஒருவரைப் பட்டிக்காட்டான் என்றால் சண்டை வரும்.

சரி, இனி நாட்டுக்குத் திரும்புவோம். பட்டி நம்முடைய சொல் மட்டுமா?

இல்லை. சிங்களத்தில் 'பட்டிய' என்றால் மாட்டு மந்தை, மாட்டடைப்பு. 'கவ பட்டிய' என்று இன்றும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். நம்மைப் போலவே அவர்களும் மந்தைக்கும் இடத்துக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் பட்டிபொல என்ற ஊர் இருக்கிறது. நாட்டிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம் அதுதான். 'பொல' சிங்கள ஊர்ப்பெயர்களில் இடத்தைக் குறிக்கும் ஈறு. வரக்காபொலவிலும் அதுதான் இருக்கிறது. பட்டிபொல என்றால் மாட்டுப்பட்டி இருந்த இடம். இந்தச் சொல் திராவிட மொழிகளில் இவ்வளவு பரந்து கிளைத்திருப்பதைப் பார்த்தால் சிங்களம் அதைத் தமிழ்ப் பக்கமிருந்து எடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் எடுத்த பிறகு அது அவர்களுடைய சொல்தான். நாம் 'கதிரை'யைப் போர்த்துக்கேயரிடம் எடுத்தோம். அதில் உட்காரும்போது யாரும் அனுமதி கேட்பதில்லை.

காலைக்கும் சிங்களத்தில் பக்கத்து வீடு உண்டு. 'கால', முதல் எழுத்தைக் ககரத்தின் மெல்லிய ஒலியில், 'காந்தி'யின் 'கா' போலச் சொல்ல வேண்டும். மாடு அடைக்கும் இடம், வண்டில்கள் நிறுத்தும் இடம். கொழும்பில் 'ரத கால' என்று எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள், வாகனம் நிறுத்துமிடம். மாட்டுக்கு வைத்த சொல்லில் இப்போது கார் நிற்கிறது. காலி நகரத்தின் சிங்களப் பெயர் 'கால்ல' இந்தக் காலவிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். தமிழில் நாம் சொல்லும் 'காலி'யும் பழந்தமிழில் பசுக்கூட்டம் என்று முன்னரே பார்த்தோம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அந்த ஊரைக் 'காலி' என்றே எழுதினார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தங்களை விருந்தோம்பியதையும் சொல்கிறார். பின்னால் வந்த போர்த்துக்கேயர் காதில் அந்தப் பெயர் தங்கள் மொழியின் சேவல், 'காலோ', போலக் கேட்டது. ஒல்லாந்தர் காலத்தில் 1669 என்று ஆண்டு பொறித்த கோட்டைச் சின்னத்தின் உச்சியில் ஒரு சேவல் நிற்கிறது. மாட்டுச் சொல்லென்று விளக்கம் சொல்லப்படும் ஓர் ஊரின் சின்னத்தில் சேவல்! சொல்லை ஒலியை மட்டும் வைத்து விளங்கிக்கொண்டால் நடப்பது இதுதான்.

போர்த்துக்கேயரின் 'குர்ரால்' என்ற மாட்டடைப்புச் சொல் ஒல்லாந்தர் வாயில் கிறால் ஆகி, தென்னாபிரிக்காவுக்கும் போய், இலங்கையில் யானை பிடிக்கும் பெரும் அடைப்புக்குப் பெயரானது தனிக்கதை. பனாமுறையில் 1950இல் கடைசிக் கிறால் நடந்தது. சிங்களத்தில் அதற்கும் 'கால'தான்.

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வரலாம். பட்டிப்பளை ஆறு என்று நாம் சொல்வதும், பழைய பதிவுகளில் பட்டிபொல ஆறு என்று வருவதும், 1949இல் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு கல்லோயா என்று எல்லோரும் அறிந்ததும் ஒரே ஆறு. பளையா பொலவா என்பதில் சண்டை போடலாம். புலோப்பளை, வற்றாப்பளை என்று தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன, மேலே சொன்ன சிங்களப் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் பட்டியில் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டு மொழியிலும் அது ஒரே பொருள். அந்த ஆற்றங்கரையில் மாட்டுக் கூட்டம் தங்கியது, அவ்வளவுதான் அந்தப் பெயர் சொல்கிறது. அந்த மாட்டை மேய்த்தவர் என்ன மொழி பேசினார் என்று அது சொல்லவில்லை. நிலம் யாருடையது என்று நிச்சயமாகச் சொல்லவில்லை. ஏனென்றால், பட்டி என்பது எல்லை போட்ட இடமே இல்லை. எல்லை போடுவது காலை. மாரிக்கு வந்து கோடைக்குப் போகிற ஒரு கூட்டத்தின் பெயரை எடுத்து நிலத்துக்கு உறுதி எழுத நினைப்பது, முதலில் அந்தச் சொல்லுக்கே செய்கிற அநியாயம். ஊர்ப்பெயரை வைத்து உரிமை பேசும் நம்மவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். நம்முடைய இருப்புக்கு வேறு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இது அதற்குத் தோதான சான்று இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று என்பவற்றில் இருக்கும் 'பற்று'க்கும் பட்டிக்கும் உறவில்லை. பற்று நிர்வாகப் பிரிவு. பேச்சில் அது பத்து ஆகும், ஒருபோதும் பட்டி ஆகாது. ஆங்கில எழுத்தில் இரண்டும் நெருங்கி வருவதால் வந்த குழப்பம் இது. ஆங்கில எழுத்து செய்த இன்னொரு வேலையும் உண்டு. நம்முடைய 'ட்ட'வை அரசாங்கப் பதிவுகளில் இரண்டு 'டீ' போட்டு எழுதுகிறார்கள். அதனால் அக்கரைப்பற்றின் பட்டியடிப்பிட்டியை ஆங்கிலத்தில் வாசிக்கிற பிள்ளை, 'பெடி', அதாவது நெல், நெல் விளைந்த இடம் என்று விளக்கம் சொல்கிறது. ஒரு மாணவர் ஒப்படையில் அப்படியே எழுதியிருந்ததை நான் பார்த்தேன். பிழை என்று கீறிவிட்டேன், ஆனால் பிள்ளையிடம் கோபம் வரவில்லை. பட்டியை அது எங்கே கண்டது?

மேய்ச்சல்தரை குறையக் குறையப் பட்டியும் குறைகிறது. வட்டமடுவில் வயலா மேய்ச்சலா என்ற பிணக்கு எங்கட ஆட்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் மேய்ச்சல் நிலத்துக்காகத் தெருவில் குந்தினார்கள். ஒன்றில் மாட்டுக்காரனும் வயல்காரனும் முட்டிக்கொள்கிறார்கள், மற்றதில் வெளியிலிருந்து வந்து குடியேறுகிறார்கள் என்ற முறைப்பாடு. விவரம் வேறு வேறு. ஆனால் மாரியில் பட்டியைக் கொண்டுபோக இடமில்லாவிட்டால் மாட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இப்போது பலர் நாலைந்து மாட்டை வளவுக்குள் கட்டிப் புல் வெட்டிப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் 'பண்ணை'. பட்டிக்காரர் 'பண்ணையாளர்' ஆகிவிட்டார். கடிதத் தலைப்புக்கு நல்ல சொல்தான்.

சொற்பட்டியல் தொகுக்கிற இளையவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். பட்டிக்கு எதிரே 'மாட்டுத்தொழுவம்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். காலை, அலம்பல், கன்றுக்காலை, குறி சுடுதல் எல்லாவற்றையும் பட்டிக்காரரிடமே உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்லும் வசனத்தோடு எழுதுங்கள். மாடு இருக்கும்போதே போங்கள்.

போன மாசியில் அந்தக் காக்காவின் ஊருக்கு ஒரு வேலையாகப் போனேன். அவருடைய பட்டி வருடாவருடம் வந்து நின்ற வயல் ஓரத்தில் இப்போது கொங்கிறீட் வீதியும் ஒரு ஓட்டோ நிறுத்துமிடமும் இருக்கிறது. அங்கே நின்ற ஓட்டோக்காரத் தம்பியிடம், இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பட்டியடி சந்தி" என்றான்.

"இஞ்ச பட்டி எங்க இரிக்கி?"

அவன் சுற்றிப் பார்த்தான். "அப்படி ஒண்டும் இல்ல சேர். சும்மா பேர்தான். எங்க போகணும்?"